குரல் நாண் படம் சரியாக வரவில்லையா? திரையில் தெரிவதை வைத்துக் காரணம் தேடும் வழி

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக்கில் தொண்டைக் கூட்டம் கூடிவிடும். ஊர்த் திருவிழா மேடைகளில் இரவு 10 மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை பாடியும் வசனம் பேசியும் நிற்கிற ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள், மாட்டுத்தாவணியில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவும் நடத்துநர்கள், பூ மார்க்கெட்டில் விலை கூறுபவர்கள், பரீட்சைக்கு முன் பாடத்தை முடிக்க ஓடும் ஆசிரியைகள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தொண்டை கட்டிக்கிச்சு, திறக்கவே மாட்டேங்குது."

மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். குரல்வளைக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் இரண்டு மடிப்புகள்தான் குரல் நாண்கள். இவர்களின் நாண்கள் அதிர்வதை ஸ்ட்ரோபோஸ்கோபியில், அதாவது விட்டுவிட்டு மின்னும் விளக்கு வெளிச்சத்தில், பதிவு செய்வது என் வேலை. நோய் இன்னது என்று முடிவு சொல்பவர் மருத்துவர். ஆனால் அவர் பார்ப்பது நான் எடுத்துக் கொடுக்கிற படத்தை. படத்தில் தெரியும் குறை தொண்டையில் இருக்கிற குறைதானா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதனால் படம் கெட்டால் மூன்று பேர்மேல் வரிசையாகச் சந்தேகப்படுவேன்: முதலில் கருவி, அடுத்து என் கை, கடைசியில்தான் நோயாளியின் தொண்டை. புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும் இந்த வரிசையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஒரு விஷயம் மனதில் நன்றாகப் பதிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெண் குரலில் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிரும், ஆண் குரலில் 100 முதல் 130 முறை. சாதாரண வீடியோ கேமரா நொடிக்கு 25 படம்தான் எடுக்கும். அதிர்வை அப்படியே பிடிக்க அதற்கு வேகம் போதாது. அதனால் ஸ்ட்ரோப் ஒரு தந்திரம் செய்கிறது. குரல் 200 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கை நொடிக்கு 198.5 முறை மின்ன வைக்கும். ஒவ்வொரு மின்னலும் அதிர்வின் கொஞ்சம் பிந்திய கட்டத்தில் விழும். அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது நொடிக்கு ஒன்றரை முறை மெதுவாகத் திறந்து மூடுவதுபோல் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபேன் இறக்கை மெல்லச் சுற்றுவதுபோல் தோன்றுமே, அதே சங்கதி. ஆக, திரையில் பார்க்கும் ஒரு 'அதிர்வு' உண்மையில் நூற்றுக்கு மேற்பட்ட அதிர்வுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தைத்தது. குரல் ஒரே சீராக இருந்தால்தான் தையல் சரியாக விழும்.

பாட்டு வாத்தியார் மானுவல் கார்சியா 1854-இல் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். 1878-இல் ஏர்ட்டெல் என்ற ஜெர்மானிய மருத்துவர் விட்டுவிட்டு விழும் ஒளியைச் சேர்த்தார். அடிப்படை இன்றும் அதுதான்.

படம் மங்கலாக இருக்கிறது

மங்கல் மூச்சோடு வந்து போகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நோயாளி மூச்சை வெளிவிடும்போது கூடி, உள்ளிழுக்கும்போது குறைந்தால் அது ஆவி. சித்திரை வெயிலுக்கு ஏசியைக் குறைத்து வைத்திருப்போம், ஸ்கோப் (வாய்க்குள் விட்டுப் பார்க்கும் லென்ஸ் குழல்) சில்லென்று கிடக்கும், வாயிலிருந்து வரும் ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் பூத்துவிடும். ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு நுனியைச் சில நொடிகள் முக்கி, துணியால் ஒற்றித் துடைத்து, உங்கள் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். வெதுவெதுப்பு போதும், சுடக்கூடாது. அவசரத்துக்கு நோயாளியின் கன்னத்தின் உட்புறம் ஒரு நொடி தொட்டு எடுத்தாலும் ஆவி அடங்கும்.

மங்கல் அசையாமல் நின்றால் ஸ்கோப்பை வெளியே எடுத்து ஒரு காஸ் துணியின் இழைகளைப் பாருங்கள். வெளியே தெளிவு, உள்ளே மங்கல் என்றால் எச்சில். வெளியிலும் மங்கல் என்றால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எங்கோ அழுக்கு. கேமராவை அசைக்காமல் ஸ்கோப்பை மட்டும் சுழற்றுங்கள். புள்ளியும் கூடவே சுழன்றால் அழுக்கு ஸ்கோப்பில். புள்ளி இருந்த இடத்திலேயே நின்றால் கேமரா பக்கம்.

கிருமிநீக்கத் திரவத்தில் ஊறவைத்த ஸ்கோப்பைச் சரியாக அலசாவிட்டால் லென்ஸில் வெண்படலம் படியும். நோயாளியும் கசக்குது என்பார். நாக்கிலும் தொண்டையிலும் அந்த மருந்து படக்கூடாது. அடுத்தவரை உட்கார வைக்குமுன் மறுபடி நன்றாக அலசிவிடுங்கள்.

எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது, அல்லது இருட்டாக இருக்கிறது

காலையில் வெள்ளைச் சமன் செய்ய, அதாவது வெள்ளை எது என்று கேமராவுக்குக் காட்ட, மறந்திருப்பீர்கள். வெள்ளைக் காஸைக் காட்டிச் சமன் செய்தபின் பாருங்கள். முத்து வெள்ளையாக இருக்கவேண்டிய நாண்கள் இதனாலேயே செவசெவவென்று தெரிந்து, அழற்சி என்று எழுதப்பட்டு, தேவையில்லாத மருந்து கொடுக்கப்படலாம். சின்னத் தவறு, விளைவு பெரியது.

இருட்டு என்றால் ஒளிக் கேபிளைக் கழற்றி ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டி மறுமுனையைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால் உள்ளே இழைகள் ஒடிந்திருக்கின்றன. விளக்கில் மாட்டியபடி ஒருபோதும் கண்ணை அருகில் கொண்டு போகாதீர்கள். குறுக்கே கறுப்புப் பட்டை ஓடினால் மின்னலும் கேமராவும் ஒத்துப்போகவில்லை. வேறு கேமராவை மாற்றி மாட்டியபோது இது அடிக்கடி வரும், கருவி விற்றவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நாக்கும் குரல்வளை மூடியும்தான் தெரிகிறது, நாண் தெரியவில்லை

பெரும்பாலும் உட்காரும் விதத்தில்தான் கோளாறு. நாற்காலியில் சாய்ந்தவரை நுனிக்கு வரச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, முகவாயைக் கொஞ்சம் தூக்கவேண்டும். எட்டத்தில் இருக்கும் பூவை மோந்து பார்ப்பதுபோல் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். நாக்கைக் காஸில் பிடித்து மெதுவாக வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் நாக்கின் அடிப்பக்கம் கீழ்ப்பல்லில் பட்டு வலிக்கும், வலித்தால் தொண்டை மூடிக்கொள்ளும்.

பிறகு 'ஈ'. நாக்கை நாம் பிடித்திருப்பதால் வெளியே வருவது 'ஏ' மாதிரியோ 'ஆ' மாதிரியோ கேட்கும், பரவாயில்லை. 'ஈ' சொல்ல முயன்றாலே நாக்கின் அடி முன்னால் வரும், மூடியும் கூடவே விலகும். "நீங்க ஈன்னு நெனச்சுச் சொல்லுங்கண்ணே, எப்படிக் கேட்டாலும் சரி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சரியாக உச்சரிக்க வேண்டுமே என்று போராடுவார். இன்னும் விலகவில்லை என்றால் சுருதியை ஏற்றச் சொல்லுங்கள்.

குமட்டல் எடுத்தால் ஸ்கோப் நாக்கின் பின்பகுதியிலோ தொண்டைச் சுவரிலோ பட்டிருக்கிறது. வெளியே எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருபவரை முடிந்தவரை மறுநாள் காலைக்கு மாற்றுங்கள். மரத்துப்போக 10% லிக்னோகைன் ஸ்பிரே அடிப்பது மருத்துவர் சொன்ன அளவில்தான். ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்க வேண்டும். மரத்த உணர்வு போகும்வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், தண்ணீர்கூட வேண்டாம். வெளியே வந்ததும் டீக்கடைக்குப் போகிற பழக்கம் நம்மூரில் எல்லோருக்கும் உண்டு, அதனால் கூட வந்தவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

மூச்சு இழுக்கும்போதே சத்தம் வருகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் ஸ்கோப்பையோ ஸ்பிரேயையோ கையில் எடுக்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நாணுக்கு மேலே உள்ள தசை எல்லாம் இறுகி மூடிக்கொள்கிறது

இந்தக் குறையைக் கண்டதும் 'அழுத்திப் பேசும் பழக்கம்' என்று எழுத எனக்கும் கை துறுதுறுக்கும். மேலூர்ப் பக்கத்து ராஜபார்ட் நடிகர் ஒருவர் வந்திருந்தார். மேல் சுருதியில் குரல் பிசிறுகிறது என்றார். வாய்வழி ஸ்கோப்பில் நாலு முறை முயன்றேன். நாலு முறையும் பொய்நாண்கள் (நாணுக்கு மேலே உள்ள மடிப்புகள்) இரண்டும் கதவு சாத்துவதுபோல் வந்து மூடின. அறிக்கையில் பாதி எழுதியும்விட்டேன். மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு, மூக்குவழி போகும் வளையும் ஸ்கோப்பை எடுத்தார். "நாக்கை யாரும் பிடிக்கல, மேடையில எப்படிப் பாடுவீங்களோ அப்படியே பாடுங்கய்யா" என்றார். அவர் நாலு கட்டையில் ஒரு விருத்தம் எடுத்தார். தொண்டை தாமரை மாதிரி விரிந்திருந்தது. வலது நாணின் ஓரத்தில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி ஒன்று மூச்சுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இறுக்கம் அவருடையது அல்ல, நான் நாக்கைப் பிடித்திருந்ததால் வந்தது.

வாய்வழி ஸ்கோப்பில் படம் பெரிதாகவும் துல்லியமாகவும் கிடைக்கும், நாணைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தைப் பார்க்க அதுதான் நல்லது. ஆனால் நாக்கை நீட்டி 'ஈ' சொல்லும் மனிதர் பேசவுமில்லை, பாடவுமில்லை. பேச்சிலும் பாட்டிலும் தொண்டை எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய மூக்குவழிதான் போகவேண்டும். இறுக்கம் இரண்டு வழியிலும் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். மூக்குவழி இழை ஸ்கோப்பில் தேன்கூடு மாதிரிப் புள்ளிகள் தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நுனியிலேயே கேமரா உள்ள புதிய ஸ்கோப்பில் அது இருக்காது.

ஸ்ட்ரோப் பிடிக்கவில்லை, படம் துடிக்கிறது

அதிகம் தடுமாற வைப்பது இதுதான். மெல்லத் திறந்து மூடவேண்டிய நாண் நடுங்குகிறது, தாவுகிறது, அல்லது கலங்கலாகத் தெரிகிறது. விளக்கு எப்போது மின்ன வேண்டும் என்பதைக் கருவி கழுத்து மைக்கிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. மைக் சொல்வது தப்பென்றால் மின்னலும் தப்பு.

முதல் சோதனை எளிது. மைக்கை உங்கள் கழுத்தில் வைத்து நிதானமாக 'ஆ' என்று இழுங்கள். திரையில் ஹெர்ட்ஸ் எண் அசையாமல் நின்றால் கருவி நன்றாக இருக்கிறது. உங்கள் குரலுக்கும் எண் குதித்தால் மைக்கின் ஒயர், அதன் சத்த அளவு, இணைப்பு என்று பாருங்கள்.

உங்களுக்கு நின்று அவருக்கு நிற்கவில்லை என்றால் மைக் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். குரல்வளை எலும்பின் பக்கவாட்டில், தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். கழுத்துச் சதை தடித்தவருக்குக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். நம்மூர்ப் பெண்களுக்குத் தாலிச் சங்கிலியைப் பார்க்க மறக்காதீர்கள். சங்கிலி மைக்கில் உரசும் சத்தம் குரலைவிடப் பெரிதாகப் போய்ச் சேரும். கழற்றச் சொல்லவே வேண்டாம், "அம்மா, சங்கிலிய சேலைக்குள்ள விட்டுக்கோங்க" என்றால் போதும். கழுத்தில் ஒட்டாமல் காற்றில் கேட்கும் மைக் என்றால் அறைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்க, கருவி அந்தப் பாட்டின் சுருதிக்கு மின்னியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குரலைச் சீராக நிறுத்துவது. 'ஒரே மாதிரி இழுங்க' என்று வெறுமனே சொன்னால் பலருக்கும் வராது, ஏறும், இறங்கும். நான் போனில் சுருதிப்பெட்டி ஆப் வைத்திருக்கிறேன். பெண்களுக்கு 5 கட்டை, அதாவது ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். ஆண்களுக்கு 1 கட்டை, 131 ஹெர்ட்ஸ். சில நொடி கேட்க விட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு 'ஈ' சொல்லச் சொல்வேன். பாட்டே தெரியாதவர்கூடக் கோயில் நாதஸ்வரமும் ஒத்தும் கேட்டு வளர்ந்தவர்தானே, பெரும்பாலானவர்கள் சேர்ந்துவிடுவார்கள்.

இதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. அவர் என்ன சுருதியில் நிற்கிறார் என்று நமக்குத் தெரியும் என்பதால், கருவி சொல்லும் எண் சரியா என்று உடனே ஒப்பிடலாம். 196-இல் பாடுபவருக்குத் திரை 392 என்று காட்டினால் கருவி ஏமாந்துவிட்டது. ஒவ்வொரு அதிர்விலும் இரண்டு முறை மின்னி, திறந்த நிலையும் மூடிய நிலையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும், நாணின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரியும். 98 என்று காட்டினால் ஒன்றுவிட்டு ஒரு அதிர்வைத்தான் பார்க்கிறது. படம் அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. இரட்டைக் குரலில் பேசும் சிலருக்கு ஒரு அதிர்வு ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி என்று மாறி மாறி வரும். அந்த வேறுபாடு இந்தப் படத்தில் மறைந்தே போகும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் படத்தை நிறுத்தும் முறைக்கு மாற்றுங்கள். அதில் குரலின் எண்ணிக்கைக்குச் சரியாக மின்னும், அதனால் நாண்கள் ஒரே நிலையில் உறைந்ததுபோல் நிற்க வேண்டும். நின்றால் குரலும் சீர், கருவியும் சீர். மைக் சரி, உங்கள் குரலில் எண் நிற்கிறது, அவர் குரலில் மட்டும் படம் நடுங்குகிறது என்றால் குரலே சீராக இல்லை.

அங்கே வந்தபின் கருவியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள். ஒரு நாண் செயலிழந்து இரண்டு நொடிகூட இழுக்க முடியாதவர், பேசும்போதே தசை வெட்டி இழுத்துக் குரல் அறுபடுபவர், தழும்பால் கரகரவென்று மட்டும் வருபவர் ஆகியோருக்கு ஸ்ட்ரோப் பிடிக்காது. பிடிக்கவும் முடியாது. அறிக்கையில் 'படம் சரியில்லை' என்று எழுதாதீர்கள். 'கருவி சோதித்துச் சரியாக இருந்தது, குரல் சீரற்றதால் ஸ்ட்ரோப் பிடிக்கவில்லை' என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தைப் படிக்கும் மருத்துவர் மறுபடி எடு என்பார், இரண்டாவதைப் படிப்பவர் நோயைப் பற்றி யோசிப்பார். நாண்கள் விலகுவதும் சேர்வதும் சாதாரண வெளிச்சத்திலேயே தெரியும், அதைப் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 2000 படத்துக்கு மேல் எடுக்கும் அதிவேகக் கேமரா இருக்கும் இடத்துக்கு அனுப்ப முடிந்தால் அது உண்மை அதிர்வையே காட்டும், குரல் சீராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு நாணில் ஒரு பகுதி மட்டும் அசையவில்லை

இந்த ஒரு வரிக்காக நோயாளி இரவெல்லாம் தூங்காமல் கிடப்பார், ஆகவே எழுதுமுன் நாலு தடவை பாருங்கள். நாணின் மேல் கெட்டிச் சளி ஒட்டியிருக்கலாம். ஒரு மடக்கு விழுங்கச் சொல்லி மறுபடி எடுங்கள், சளி இடம் மாறும், புண்ணோ தழும்போ மாறாது. ஸ்கோப் சாய்ந்திருந்தால் ஒரு நாண் குட்டையாகவும் அசைவு குறைவாகவும் தெரியும். திரையில் இரண்டு நாணும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக இருக்கும்படி பிடியுங்கள்.

அப்புறம் சுருதி. குரல் மேலே போகப் போக நாண் இழுபட்டு விறைக்கும், வீச்சும் குறையும், சளிப்படலத்தில் ஓடும் அலையும் குறையும். நாண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று நாம்தானே சுருதியை ஏற்றச் சொன்னோம்? அந்தப் படத்தை மட்டும் வைத்து அலை இல்லை என்று சொன்னால் தவறு. இயல்பு, மேல், கீழ், மெல்ல, பலமாக என்று ஐந்து விதமாகவும் எடுங்கள். ஐந்திலும் அதே இடம் மட்டும் கட்டைபோல் நின்றால் அப்போதுதான் அது உண்மை.

அந்த அலை ஏன் முக்கியம் என்றால், நாணின் மேல்தோல் உள்ளே இருக்கும் தசையின்மேல் இழைந்து வழுக்குகிறது. ஹிரானோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1974-இல் இந்த இரண்டு அடுக்கு விளக்கத்தைத் தந்தார். குளத்துத் தண்ணீரின்மேல் காற்று ஓடுவதுபோல் மேல்தோல் தனியாக ஓட வேண்டும். கத்திக் கத்தி வரும் முடிச்சுகளில் பெரும்பாலும் அலை முடிச்சின் மேலும் ஓடும். அவை இரண்டு நாணிலும் எதிரெதிராக, முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்திருக்கும். நீர்க்கட்டி என்றால் அந்த இடத்தில் அலை தேயும். தழும்பும் உள்ளே ஊன்றி வளரும் கட்டியும் அலையை நிறுத்திவிடும். எந்தக் கட்டி என்று ஸ்ட்ரோப் சொல்லாது, சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். புகையிலைப் பழக்கம் உள்ளவர், மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு, ஒரே நாணில் அசையாத இடம் என்று மூன்றும் சேர்ந்தால் பதிவை அன்றே மருத்துவர் கையில் கொடுங்கள். அடுத்த வாரப் பட்டியலில் போடாதீர்கள்.

நாண்கள் முழுசாக மூடவில்லை

பெண்களுக்குப் பின்பக்கம் சின்ன இடைவெளி இருப்பது சாதாரணம். மெல்லிய குரலிலும் மேல் சுருதியிலும் இடைவெளி கூடும், அதனால் கொஞ்சம் பலமாக, இயல்பான சுருதியில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் உடுக்கை வடிவில் முன்னும் பின்னும் இடைவெளி என்றால் நடுவில் முடிச்சு தடுக்கிறது. நடுவில் அகன்று இரு முனையும் சேர்ந்தால் நாண் தளர்ந்திருக்கிறது, வயதானவர்களிடம் இது அதிகம்.

பதிவில் படம் இருக்கிறது, குரல் இல்லை

ஒலி இல்லாத பதிவு பாதிப் பதிவு. எந்தச் சுருதியில், எவ்வளவு பலமாகச் சொன்னார் என்பது தெரியாவிட்டால் மேலே சொன்ன எதையும் பின்னால் சரிபார்க்க முடியாது. நோயாளி எண்ணையும் தேதியையும் கட்டையையும் நீங்களே வாயால் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள். அந்தச் சில நொடியைத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் ஸ்கோப்பைக் கையில் எடுங்கள்.